வேலையை மாற்றுவதா, பிள்ளை கிடைக்கும்வரை பொறுப்பதா?

கலியாணம் முடித்து இரண்டு மூன்று வருடமான இளம் தம்பதியர் பலரை இன்று ஒரு கேள்வி வாட்டிக் கொண்டிருக்கிறது. பிள்ளைப் பாக்கியத்துக்காகத் துஆ கேட்கிறார்கள், டொக்டரிடமும் போகிறார்கள். இதற்கிடையில் மனைவிக்கோ கணவனுக்கோ இன்னொரு இடத்தில் நல்ல வேலை வருகிறது. போவதா, இருப்பதா? போன மறுமாதமே கர்ப்பம் என்றால் புது இடத்தில் என்ன சொல்வார்கள்? இருந்த இடத்திலேயே இருந்தால், பிள்ளையும் கிடைக்காமல் வேலையும் கைவிட்டுப் போய்விடுமா?

இது பெண்கள் பகுதியில் எழுத வேண்டிய விடயமல்லவா என்று வாசகர்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கேள்வியின் ஒரு பாதி அந்தத் தம்பதியின் கையில் இருக்கிறது. மறு பாதி வேலை கொடுக்கும் எமது கையில் இருக்கிறது. வெள்ளவத்தை காலி வீதியிலும், புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும், கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருக்கும் நாம்தான் இந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பவர்கள். எனவே இது முழுக்க முழுக்க வியாபாரப் பக்கத்துக்குரிய விடயமே.

காலம் மாறிவிட்டது

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க முடியாது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அதன் பின்னர் விலையேற்றத்தின் வேகம் குறைந்தாலும், ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒருவர் உழைத்து வீட்டு வாடகையும் கொடுத்து குடும்பமும் நடத்திய காலம் நடுத்தர வீடுகளில் முடிந்து போயிற்று. முன்னர் மகளை வேலைக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளிலும் இன்று மருமகள் கணக்கு வேலைக்குப் போகிறாள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், புடவைக் கடையில் காசாளராக இருக்கிறாள். தேவை அனுப்புகிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. எமது மார்க்கத்தில் கதீஜா (ரலி) அவர்கள் பெரும் வணிகம் நடத்தியவர் என்பதைப் பேச்சுக்கு மட்டும் சொல்லிக் கொண்டிருந்தாலும் போதாது.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெரிந்து கொள்வோம். பல முதலாளிமாருக்கும் இது சரியாகத் தெரியாது. வேலை தேடும் பிள்ளைகளுக்கும் தெரியாது.

எமது நாட்டில் தனியார் துறைப் பெண்களுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் வேலை செய்வோர் இதில் வருவர். மற்றது 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். எமது கடைகள், காரியாலயங்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இரண்டுக்கும் இடையில் வேலை மாறுவோர் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி நன்மை பெறுவதற்கு, பிரசவ அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் அதே முதலாளியிடம் 150 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. நேற்றுக் கடையில் சேர்ந்த பிள்ளைக்கும் பிரசவ லீவு உரித்தானது.

இந்த 150 நாளைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். கிழமைக்கு ஆறு நாள் வேலை என்றால் 150 நாள் என்பது 25 கிழமை. போயாவும் பொது விடுமுறையும் சேர்ந்தால் இன்னும் கூடும். கர்ப்ப காலம் 40 கிழமை. ஆகவே இன்னும் கர்ப்பம் தரிக்காத ஒருத்தி தொழிற்சாலை வேலையொன்றில் சேர்ந்து, அடுத்த மாதமே கர்ப்பமானாலும் 150 நாள் தாராளமாக நிரம்பிவிடும். ஏற்கெனவே மூன்று மாதக் கர்ப்பத்தோடு போய்ச் சேர்பவளுக்குத்தான் நூலிழையில் தவறிப் போகும். அதாவது, பிள்ளைக்காக முயற்சி செய்யும் காலத்தில் வேலை மாறுவதற்குச் சட்டம் தடையாக இல்லை. கர்ப்பம் உறுதியான பின்னர் தொழிற்சாலை வேலைக்கு மாறுவதுதான் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

லீவு எத்தனை நாள்? கடை, அலுவலகச் சட்டத்தின்படி 84 நாள். பிரசவத்துக்கு முன் 14, பின் 70. வார விடுமுறை, போயா, சட்டப்படியான விடுமுறைகள் இதில் சேராது. 2018ஆம் ஆண்டுவரை முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் 84 நாள், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்ற பாகுபாடு இருந்தது. 2018இல் இரண்டு சட்டங்களும் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்றாகியது. மூன்று நான்கு பிள்ளைகள் பெறும் எமது குடும்பங்களுக்கு இது பெரிய விடயம். ஆயினும் இன்றும் சில கடைகளில் மூன்றாவது பிள்ளைக்குப் பாதி லீவு என்று பழைய கணக்கைச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். அது பிழை. சட்டம் மாறிப் பல வருடமாகிறது.

இன்னுமொன்று. கர்ப்பம் என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும், 180 நாள் வேலை செய்யாதவர்களுக்கும் பொருந்தாது என்பது உண்மை. அதை வைத்துக் கொண்டு, தகுதிகாண் காலத்தில் இருப்பவளை எதற்கும் அனுப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கர்ப்பத்துக்காக நிறுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு வேறு சட்டத்தில் இருக்கிறது. அதற்கு 180 நாள் கணக்கு இல்லை.

தம்பதியர் பார்க்க வேண்டிய கணக்கு

சட்டம் சாதகமாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக் கொண்டு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வியாபாரி எதையும் தராசில் போட்டுத்தான் பார்ப்பான். வேலையையும் அப்படிப் பார்க்கலாம்.

முதலாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். 60,000 ரூபா சம்பளக்காரிக்கு ஐந்து வருடத்தில் 150,000 ரூபா. நான்கரை வருடத்தில் விலகினால் ஒரு சதமும் இல்லை. புது இடத்தில் மாதம் 15,000 ரூபா கூட என்று வைத்துக் கொள்வோம். ஆறு மாதம் பொறுத்தால் 90,000 ரூபா போகும், 150,000 ரூபா வரும். பொறுப்பது இலாபம். அதே பிள்ளை இரண்டு வருடம்தான் வேலை செய்திருக்கிறாள் என்றால், இன்னும் மூன்று வருடம் பொறுப்பதில் 540,000 ரூபா போகும். போவதே இலாபம்.

இரண்டாவது, லீவு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கடை, அலுவலகச் சட்டப்படி முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் அமய லீவு மட்டும்தான். இரண்டாவது வருடத்திலிருந்துதான் 7 நாள் அமய லீவும் வருடாந்த லீவும் கிடைக்கும். அந்த வருடாந்த லீவும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள். ஒக்டோபருக்குப் பின் சேர்ந்தவருக்கு 4 நாள்தான். பிள்ளைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் மாதத்தில் பல தடவை கிளினிக் போக வேண்டியிருக்கும். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று நாளும் நேரமும் அவர்கள் சொல்வதுதான். பழைய இடத்தில் வருடத்துக்கு 21 நாள் லீவு உள்ளவள் புது இடத்தில் 6 நாளோடு இதைச் சமாளிக்க முடியாது. ஆகவே சிகிச்சை நடந்து கொண்டிருக்கும் தம்பதியர் சம்பளத்தை விட லீவையே முதலில் பார்க்க வேண்டும். பழைய முதலாளி நல்லவராகவும் நேரம் கொடுப்பவராகவும் இருந்தால், அதற்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, சேமலாப நிதி. வேலை மாறினால் ஈபிஎப் போய்விடும் என்று பயப்படுவோர் உண்டு. போகாது. ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் உங்கள் பெயரில்தான் கிடக்கும். புது இடத்தில் முதல் மாதத்திலிருந்தே அதையும் 3 சதவீத ஈடிஎப்பையும் கட்டுகிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒழுங்காக ஈபிஎப் கட்டாத இடம் பிரசவ லீவுச் சம்பளத்தை ஒழுங்காகத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காவது, பிரசவச் செலவு. சில கம்பனிகளின் காப்புறுதியில் பிரசவச் செலவும் உண்டு. ஆனால் சேர்ந்த உடனே அது கிடைக்குமா, காத்திருக்கும் காலம் உண்டா என்று எழுத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும். அது இல்லையென்றாலும் உலகம் முடிந்து விடாது. 1879இல் தொடங்கப்பட்ட டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும், பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் கொழும்பிலேயே இருக்கின்றன. காசு வாங்காமல் பிரசவம் பார்க்கும் நாடு எங்களுடையது.

கணவன் வெளிநாடு போவதென்றால்

வேலை மாற்றம் என்றால் மனைவியின் வேலையை மட்டும் பேசுகிறோம். எமது சமூகத்தில் பெரும்பாலும் மாறுவது கணவனின் வேலை. கட்டாருக்கோ டுபாய்க்கோ விசா வந்துவிட்டது, இரண்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு ஒரு மாதம் லீவு என்பார்கள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு இது சாதாரண வேலை மாற்றமல்ல.

ஒழுங்காக ஒன்றாக வாழ்ந்தும் 12 மாதத்துக்குள் கர்ப்பம் தரிக்காவிட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக் கொள்ளப்பட்ட கணக்கு. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே காட்டச் சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வீட்டிலிருக்கும் கணவனுக்கு அந்த 12 மாதம் சேர 12 வருடம் வேண்டும். உழைப்பை அடுத்த வருடமும் உழைக்கலாம். வயது திரும்பி வராது.

போகத்தான் வேண்டும் என்றால் மனைவியையும் கூட்டிச் செல்லக் கூடிய சம்பளமா என்று பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2019இல் வந்த விதிப்படி மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் உள்ளவர் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம். அதற்குக் குறைந்த சம்பளத்துக்கு, பிள்ளை வேண்டி நிற்கும் மனைவியை விட்டுவிட்டுப் போவது நல்ல வியாபாரமாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளை இல்லாததற்குப் பழியும் கடைசியில் இங்கே தனியாக இருப்பவள் மீதுதான் விழும். பரிசோதனைக்குப் போவதென்றால் இருவரும் போக வேண்டும். காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்று டொக்டர்மார் சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

எமது பக்கத்துக் கணக்கு

இனி முதலாளிமாரின் பக்கத்துக்கு வருகிறேன். கடைக்காரர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று இருக்கிறது: "புதுசா கலியாணம் முடிச்ச புள்ளையள எடுக்காதீங்க ஹாஜியார், பழக்கி முடியுறதுக்குள்ள புள்ள பொறக்க லீவுல போயிரும், நமக்குக் கட்டாது."

கட்டுமா, கட்டாதா என்று கணக்கைப் போட்டே பார்ப்போம். சம்பளம் 60,000 ரூபா. ஆறு நாள் வேலை செய்யும் கடையில் 84 நாள் என்பது விடுமுறைகளோடு ஏறத்தாழ மூன்றரை மாதம். சம்பளம் 210,000 ரூபா. முதலாளியின் ஈபிஎப், ஈடிஎப் 15 சதவீதம் 31,500 ரூபா. மொத்தம் 241,500 ரூபா. பதிலுக்கு ஒருவரை எடுத்தால் அவருக்குக் கொடுப்பது அவர் செய்யும் வேலைக்கான கூலி, அதை நட்டத்தில் சேர்க்கக் கூடாது. இப்போது அந்தப் பிள்ளை ஐந்து வருடம் வேலை செய்தால் எமக்கு ஆகும் சம்பளச் செலவு 4,140,000 ரூபா. அதில் 241,500 என்பது நூற்றுக்கு ஆறு ரூபாவுக்கும் குறைவு.

மறுபக்கத்தையும் பாருங்கள். கல்லாவை நம்பி ஒப்படைக்கக் கூடிய ஒருவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தக் கம்பனிக்காரனின் செக் எந்தத் திகதியில் வரும், பெருநாளைக்கு எந்தச் சாமான் முதலில் முடியும், வெள்ளவத்தையில் தீபாவளிக்கு எந்த நிறம் போகும் என்பதெல்லாம் தெரிந்த பிள்ளை போய்விட்டால், அந்த இடத்தை நிரப்ப ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடத்தில் ஏற்படும் பிழைகளும், தவறும் வாடிக்கையாளர்களும், கல்லாவில் குறையும் காசும் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றன?

எனது கடையில் கணக்கெழுதிய ஒரு பிள்ளை கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து போனாள். ஒருநாள், வேறிடத்தில் கூடிய சம்பளத்துக்கு வேலை வந்திருப்பதாகச் சொன்னாள். "போகத்தான் விருப்பம் ஹாஜியார், ஆனா புள்ளைக்கு மருந்து எடுக்கிறோம், அங்க லீவு தருவாங்களோ தெரியா" என்றாள். அவள் கேட்டது சம்பள உயர்வல்ல, மாதத்தில் இரண்டு காலைப் பொழுது. நான் கொடுத்தேன். அது எனக்குப் பெரிய செலவாக இருக்கவில்லை, அவளும் போகவில்லை. இதை என் பெருமைக்குச் சொல்லவில்லை. நல்ல ஊழியரை நிறுத்தி வைக்க எப்போதும் காசுதான் வேண்டும் என்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்னச் சின்ன விடயங்களே போதும். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதிரை போடுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே கொண்டு வந்து கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வைத்தார்கள். நாம் சட்டம் வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. நேர்முகத்தில் "எப்போது பிள்ளை?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். பல வருடமாக அழுது துஆ கேட்பவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது என்ன பண்பு? அதற்கான பதில் அவளிடமும் இல்லை, அல்லாஹ்விடமே இருக்கிறது.

சுமையைப் பங்கிட வேண்டும்

அதேவேளை சிறு கடைக்காரரின் கஷ்டத்தையும் மறைக்க முடியாது. மூன்று பேர் வேலை செய்யும் கடையில் ஒரே வருடத்தில் இருவர் லீவில் போனால் முதலாளி தடுமாறுவார். இந்தச் சம்பளம் முழுவதையும் தனி முதலாளியின் தலையில் போடுவது சரியல்ல. இதை நான் மட்டும் சொல்லவில்லை. இலங்கை 1993இல் ஏற்றுக் கொண்ட சர்வதேச தொழில் தாபனத்தின் 103ஆம் இலக்கச் சமவாயமே, பிரசவ நன்மைச் செலவுக்கு முதலாளி தனிப்பட்ட முறையில் பொறுப்பாகக் கூடாது, காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ அது கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவில் ஈஎஸ்ஐ திட்டத்தில் சேர்ந்தவருக்கு அந்த நிதியிலிருந்தே கொடுக்கிறார்கள். இங்கே கையெழுத்து வைத்தோம், நிதியம் அமைக்கவில்லை.

ஈடிஎப்புக்கு மாதாமாதம் 3 சதவீதம் கட்டுவது போல, எல்லா முதலாளிமாரும் ஆண் பெண் வித்தியாசமின்றி ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு சிறு தொகை கட்டி, அதிலிருந்து பிரசவச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு வந்தால், பெண்ணை எடுத்தால் நட்டம் என்ற கணக்கே இல்லாமல் போகும். எமது வர்த்தக சங்கங்கள் வற் வரிக்கும் இறக்குமதித் தீர்வைக்கும் அமைச்சருக்குக் கடிதம் எழுதுகின்றன. இதற்கும் ஒரு கடிதம் எழுதலாம். இது ஊழியருக்கு மட்டுமல்ல, எமக்கும் நன்மையான கோரிக்கை.

முடிவு யாருடையது?

வேலை மாறுவதா இல்லையா என்பதை அந்தக் கணவனும் மனைவியும் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது எடுக்க வேண்டும். மாமியாரோ முதலாளியோ எடுக்க வேண்டிய முடிவல்ல அது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இதுதான்: திகதி தெரியாத ஒன்றுக்காக நல்ல வாய்ப்பை வருடக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். வாய்ப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையையும் தள்ளிப் போடாதீர்கள். சிகிச்சை நடக்கிறதென்றால் லீவும் நேரமும் கிடைக்கும் இடத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு ஆறு மாதம்தான் குறைவென்றால் பொறுங்கள். மற்றபடி ஈபிஎப் கட்டும், நியமனக் கடிதம் தரும் நல்ல இடமென்றால் பிஸ்மில்லாஹ் சொல்லிப் போங்கள். புது இடத்தில் உரிமை மறுக்கப்பட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. முறையிடச் செலவில்லை.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் நாம். ஒரு பிள்ளை பிறப்பதால் எமது கல்லா குறைந்துவிடும் என்று பயப்படுவது அந்த நம்பிக்கைக்குப் பொருந்தாது. அடுத்த முறை வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவள் கணக்குச் சரியாக எழுதுவாளா, கை சுத்தமா, வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசுவாளா என்று மட்டும் பாருங்கள்.